திருடிய நேரத்துக்குக் கணக்கு

ஒரு நிமிடம் உங்களை ஒரு கம்ப்யூட்டராக நினைத்துக்கொள்ளுங்கள்.

உங்களிடம் 8 ஜிபி மெமரி இருக்கிறது. நாலு ப்ராசஸர். 100 ஜிபி டிஸ்க். ஒரு நெட்வொர்க் கார்டு. கண் விழித்ததும் எல்லாவற்றையும் ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொள்கிறீர்கள். சரியாக இருக்கிறது. வேலையைத் தொடங்குகிறீர்கள்.

விஷயம் என்னவென்றால், இதில் எதுவும் உங்களுடையது இல்லை. ப்ராசஸர் பத்துப் பேருக்குப் பொது. மெமரி, வேறொருவரின் பெரிய மெமரியில் கிள்ளிக் கொடுத்தது. டிஸ்க் என்று நீங்கள் நம்பிக்கொண்டிருப்பது யாருடைய டிஸ்க்கிலோ கிடக்கிற ஒரு ஃபைல். நெட்வொர்க் கார்டு சுத்தமான நடிப்பு. உங்களுக்கு அடியில் ஒருவர் உட்கார்ந்துகொண்டு இத்தனையையும் காட்டிக்கொண்டிருக்கிறார். உங்கள் மனசில் என்ன ஓடுகிறது என்று அவர் நினைத்தால் எட்டிப் பார்க்கலாம். நீங்கள் அவரைப் பார்க்க முடியாது.

அவர் பெயர் ஹைப்பர்வைசர். நீங்கள் வர்ச்சுவல் மெஷின். அவரை ஹோஸ்ட் என்பார்கள், உங்களை கெஸ்ட். அதாவது அவர் வீட்டுக்காரர், நீங்கள் விருந்தாளி.

'இது கம்ப்யூட்டர்காரர்கள் சமாசாரம், நமக்கென்ன' என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். நீங்கள் டிக்கெட் போடும்போதும் பணம் அனுப்பும்போதும் உங்களுக்காக எங்கோ உழைப்பது பெரும்பாலும் இப்படி ஒரு விருந்தாளி கம்ப்யூட்டர்தான். தவிர, நான் பேச வந்தது கம்ப்யூட்டரைப் பற்றி மட்டும் இல்லை. ஒருவருக்கு எல்லாம் தெரியும், இன்னொருவருக்கு எதுவும் தெரியாது. இரண்டு பேரும் ஒரே கூரையின்கீழ் இருக்கிறார்கள். இதில் நேர்மை என்றால் என்ன? இது பழைய கேள்வி. ஹைப்பர்வைசர் அதைக் கொஞ்சம் துல்லியமாகக் கேட்க வைக்கிறது, அவ்வளவுதான்.

பெயர்க்காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். 1960-களில் ஆபரேட்டிங் சிஸ்டத்தின் மையப் பகுதியை சூப்பர்வைசர் என்று அழைத்தார்கள். அந்த சூப்பர்வைசரையே மேய்ப்பதற்கு ஒருவர் வந்தால் அவரை என்னவென்று கூப்பிடுவது? சூப்பருக்கு மேலே ஹைப்பர்! ஐபிஎம்-காரர்கள் அந்தக் காலத்திலேயே ஒரு மெயின்ஃப்ரேமைப் பல மெஷின்களாகக் காட்டும் வித்தையைச் செய்துவிட்டார்கள். 1972-ல் விஎம்/370 என்ற பெயரில் அதை ஊரறிய அறிவித்தார்கள்.

1974-ல் ஜெரால்ட் போபெக், ராபர்ட் கோல்ட்பர்க் என்ற இருவர் இந்த வித்தைக்கு இலக்கணம் எழுதினார்கள். மூன்றே நிபந்தனை. ஒன்று, நிஜ மெஷினில் ஒரு ப்ரோகிராம் எப்படி நடந்துகொள்ளுமோ, வர்ச்சுவல் மெஷினிலும் அப்படியே நடந்துகொள்ள வேண்டும். இரண்டு, மெமரி, டிஸ்க் எல்லாவற்றின் சாவியும் ஹோஸ்ட்டிடமே இருக்க வேண்டும். மூன்று, வேகம் பெரிதாகக் குறையக் கூடாது. பெரும்பாலான கட்டளைகள் ஹோஸ்ட்டின் குறுக்கீடு இல்லாமல் நேராக ப்ராசஸரில் ஓட வேண்டும்.

அரை நூற்றாண்டு தாண்டியும் இந்த இலக்கணம் செல்லுபடியாகிறது. ஆனால் கவனித்தீர்களா? ஹோஸ்ட் விருந்தாளியிடம் நாணயமாக நடக்க வேண்டும் என்று இந்த மூன்றில் எதுவும் சொல்லவில்லை. அது அவர்கள் வேலையும் இல்லை. இலக்கணம் எழுதியவர்கள் அதிகாரம் யாரிடம் இருக்க வேண்டும் என்று சொன்னார்கள். அதை வைத்துக்கொண்டு என்ன செய்யலாம், என்ன செய்யக் கூடாது என்பதை ஹைப்பர்வைசரை நடத்துகிற மனிதர்கள்தான் முடிவு செய்ய வேண்டும்.

சரி, நாம் முடிவு செய்து பார்ப்போம்.

முதலிலேயே ஒரு சிக்கல். மொத்த வியாபாரமே பொய்யில்தான் நடக்கிறது. 'உனக்கென்று தனி மெஷின் இருக்கிறது' என்பது பொய். ஆனால் யாருக்கு நஷ்டம்? தனி மெஷினில் நடக்க வேண்டிய வேலை எல்லாம் நடக்கிறது. சினிமாவில் அட்டைக்கோட்டையைப் பார்த்துவிட்டு 'மோசடி' என்று போலீசுக்குப் போகிறோமா? இதை மாயை என்று சொல்லலாம். மோசடி என்று சொல்ல முடியாது. பெரும்பாலும் வாடகைக்கு எடுப்பவருக்கும் இது வர்ச்சுவல் என்று தெரிந்தே இருக்கிறது.

அடுத்த பொய் கொஞ்சம் விவகாரமானது. ஹோஸ்ட்டிடம் இருப்பது 64 ஜிபி மெமரி. ஆளுக்கு 8 ஜிபி என்று எட்டுப் பேருக்குக் கொடுத்தாலே தீர்ந்தது. ஆனால் அவர் பன்னிரண்டு பேரைக் குடிவைக்கிறார். இதற்கு ஓவர்கமிட் என்று பெயர். எப்படிச் சமாளிக்கிறார்? எல்லோரும் எல்லா நேரமும் 8 ஜிபியையும் பயன்படுத்துவதில்லை என்ற தைரியம்தான்.

நான் பி.காம் படித்தவன். இதைப் படித்ததும் எனக்கு உடனே பாங்க் ஞாபகம்தான் வந்தது. நீங்கள் போட்ட பணம் பாங்க்கில் அப்படியே இருக்கிறது என்றா நினைக்கிறீர்கள்? அது யாருக்கோ வீட்டுக்கடனாகப் போய்விட்டது. எல்லோரும் ஒரே நாளில் வந்து கேட்க மாட்டார்கள் என்ற நம்பிக்கையில்தான் கவுன்ட்டர் திறக்கிறார்கள். இதைப் பொய் என்று யாரும் சொல்வதில்லை. ஏன்? கேட்டால் கொடுக்கிறார்கள். எவ்வளவு கையிருப்பு வைக்க வேண்டும் என்று ரிசர்வ் பாங்க் சட்டம் வைத்திருக்கிறது. ஆடிட்டர் வந்து பார்க்கிறார். வாக்குறுதியைக் காப்பாற்ற ஏற்பாடு இருக்கும்வரை அது வாக்குறுதி. ஏற்பாடு இல்லாத நாளில் அதுவே பொய்யாகிவிடுகிறது.

ஹைப்பர்வைசருக்கு ரிசர்வ் பாங்க் கிடையாது. மெமரி நெருக்கடி வந்தால் ஹோஸ்ட் முதலில் செய்வது பலூன் வித்தை. விருந்தாளியின் உள்ளேயே ஒரு சின்ன ப்ரோகிராம் பலூன்போல ஊதிக்கொண்டு மெமரியைப் பிடித்துக்கொள்ளும். பிடித்ததை ஹோஸ்ட்டிடம் நைசாகத் தள்ளிவிடும். விருந்தாளிக்கு, ஏதோ தன் வீட்டுப் பிள்ளைதான் நிறைய சாப்பிடுகிறது என்று தோன்றும். அதுவும் போதவில்லையென்றால்? லினக்ஸ் ஹோஸ்ட்டாக இருந்தால் மெமரியை அதிகம் விழுங்குகிற ப்ராசஸைத் தேடிப் பிடித்துக் கொல்லும். கேவிஎம் முறையில் ஒவ்வொரு விருந்தாளியும் ஹோஸ்ட்டின் பார்வையில் ஒரு ப்ராசஸ்தான். ஆக, பசியோடு இருந்த விருந்தாளிக்கே கழுத்தில் கத்தி! முன்னறிவிப்பு கிடையாது. கரண்ட் பிடுங்கின மாதிரி போய்விடுவார்.

அதனால் ஓவர்கமிட் செய்யவே கூடாது என்று சொல்ல மாட்டேன். செய்யாவிட்டால் பாதி மெமரி சும்மா கிடக்கும், வாடகை ஏறும். ஆனால் கையிருப்பு எவ்வளவு, நெருக்கடியில் யாரை முதலில் காப்பாற்றுவேன் என்று எழுதி வைக்காமல் பன்னிரண்டு பேரைக் குடிவைப்பவர் வியாபாரி இல்லை, சூதாடி.

மூன்றாவது பொய்தான் எனக்குத் தூக்கம் கெடுத்தது. வங்கிக் கணக்கை நிர்வகிக்கிற ஒரு டேட்டாபேஸ் விருந்தாளியாக ஓடுகிறது என்று வையுங்கள். பணம் கைமாறியதை எழுதிவிட்டு அது டிஸ்க்கிடம் கேட்கும்:

"எழுதியாச்சா? கரண்ட் போனாலும் நிற்குமா?"

"எழுதியாச்சு" என்று பதில் வந்தால்தான் அடுத்த வேலைக்குப் போகும். ஆனால் டிஸ்க் என்பதே ஹோஸ்ட்டின் நடிப்புதானே? லினக்ஸ் உலகில் பரவலாக இருக்கும் க்யூஎமு என்ற மென்பொருளில் ஒரு செட்டிங் உண்டு. அதைப் போட்டால், விருந்தாளி 'எழுதியாச்சா' என்று கேட்டதை ஹோஸ்ட் காதிலேயே வாங்காமல் 'எழுதியாச்சு' என்று சொல்லிவிடும். நிஜத்தில் எல்லாம் மெமரியில் மிதந்துகொண்டிருக்கும். வேகம் பிரமாதமாக இருக்கும். ஹோஸ்ட் திடீரென்று படுத்துவிட்டால் கணக்குப் புத்தகத்தின் கடைசிப் பக்கங்கள் காணாமல் போகும்.

இதில் எனக்குப் பிடித்தது, அந்த செட்டிங்குக்கு வைத்திருக்கிற பெயர். 'அன்சேஃப்', பாதுகாப்பில்லாதது. எழுதியவர்கள் மறைக்கவில்லை. 'அதிவேகம்' என்று பெயர் வைத்து விற்றிருக்கலாம், வைக்கவில்லை. சோதனைக்காக ஒரு மெஷினை ஏற்றி, பத்து நிமிடத்தில் தூக்கி எறிபவருக்கு அது நல்ல வசதி. அடுத்தவரின் கணக்குப் புத்தகத்தை வைத்திருப்பவர் அதைப் போட்டால் துரோகம். ஒரே பட்டன். ஆனால் அழுத்துகிற கை யாருடைய சார்பில் அழுத்துகிறது, அவருக்குத் தெரியுமா என்பதில்தான் தர்மம், அதர்மம் எல்லாம் இருக்கிறது.

இப்போது தலைப்புக்கு வருகிறேன்.

லினக்ஸ் மெஷினில் 'டாப்' என்று தட்டினால் ப்ராசஸரின் நேரம் எங்கெங்கே செலவாகிறது என்று ஒரு கணக்கு வரும். அந்த வரியின் கோடியில் 'எஸ்டி' என்று இரண்டு எழுத்து. அதன் விரிவு ஸ்டீல், திருட்டு! விருந்தாளி வேலை செய்யத் தயாராக இருந்தபோது, ஹோஸ்ட் ப்ராசஸரை வேறொருவருக்குக் கொடுத்துவிட்ட நேரம் எவ்வளவு என்பதன் கணக்கு அது. திருட்டு என்றே பெயர் வைத்திருக்கிறார்கள் பாருங்கள்.

இந்தக் கணக்கை விருந்தாளி தானாகக் கண்டுபிடிப்பதில்லை. தூங்குகிறவனுக்குத் தான் எவ்வளவு நேரம் தூங்கினோம் என்று தெரியுமா? கேவிஎம்-மில் இதை ஹோஸ்ட்தான் எழுதிக் கொடுக்க வேண்டும். 'உன்னிடமிருந்து இவ்வளவு எடுத்துக்கொண்டேன்' என்று விருந்தாளி பார்க்கிற இடத்தில் குறித்து வைக்கிறது. குறிக்காமல் விட்டால்? மெஷின் ஏனோ மந்தமாக இருக்கிறது என்று விருந்தாளி தன்னைத்தானே சந்தேகப்பட்டுக்கொண்டிருக்கும். எல்லாம் தெரிந்தவன், ஒன்றும் தெரியாதவனுக்குத் தன் கையாலேயே தனக்கு எதிராகச் சாட்சி எழுதிக் கொடுக்கிறான். ஹைப்பர்வைசர் விஷயத்தில் நேர்மை என்றால் என்ன என்று கேட்டீர்களானால், நான் இந்த இரண்டு எழுத்தைத்தான் காட்டுவேன்.

எடுக்காதவன் என்று உலகத்தில் யாரும் இல்லை. எடுத்ததை எழுதி வைப்பவன், வைக்காதவன் என்று இரண்டு ஜாதிதான்.

சரி, விருந்தாளி பக்கம் வருவோம். யாரை நம்பிக் குடிபோவது? யூனிக்ஸ் குடும்பத்தில் நிறைய வீடுகள் இருக்கின்றன. லினக்ஸில் கேவிஎம். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் பிறந்து 2003-ல் உலகத்துக்கு அறிமுகமான ஜென். ஃப்ரீபிஎஸ்டியில் பீஹைவ். ஓப்பன்பிஎஸ்டியில் விஎம்எம். வேகம் என்ன, வசதி என்ன, விலை என்ன என்று எல்லோரும் கேட்கிறார்கள். கேட்க வேண்டியதுதான். ஆனால் இவரிடம் எவ்வளவு மூட்டை இருக்கிறது, எனக்கு வெளியேற வழி இருக்கிறதா என்ற இரண்டு கேள்வியையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மூட்டை என்றது ஏன்? 2015 மே மாதம் வெனம் என்ற பெயரில் ஒரு ஓட்டை அம்பலமானது. விஷம் என்று அர்த்தம். விருந்தாளி மெஷினுக்குள் இருக்கும் கெட்டவன் அதன் வழியாக ஹோஸ்ட்டுக்குள் புகுந்து, பக்கத்து வீடுகளையும் சூறையாட வாய்ப்பிருந்தது. ஓட்டை எங்கே தெரியுமா? ஃப்ளாப்பி டிஸ்க் டிரைவைப் போல நடிக்கிற பகுதியில்! க்யூஎமு-வில் 2004-லிருந்தே இருந்திருக்கிறது. அதே பகுதியைக் கடன் வாங்கியிருந்ததால் ஜென், கேவிஎம் இரண்டும் மாட்டிக்கொண்டன. ஃப்ளாப்பியை வேண்டாம் என்று அணைத்து வைத்திருந்தாலும் அந்தப் பகுதி உள்ளே உயிரோடு இருந்ததுதான் வேடிக்கை. யாரும் தொடாத பரண், அங்கே ஒரு பாம்பு.

ஓப்பன்பிஎஸ்டியின் தியோ டி ராட் 2007-லேயே காரசாரமாகக் கேட்டார். ஓட்டையில்லாத ஆபரேட்டிங் சிஸ்டம் எழுத முடியாத நம் ஆட்கள், ஓட்டையில்லாத ஹைப்பர்வைசரை மட்டும் எழுதிவிடுவார்களா என்ற தொனியில். சில ஆண்டுகள் கழித்து ஓப்பன்பிஎஸ்டியே விஎம்எம்-மை எழுதியது தனிக் கதை. ஆனால் அவருடைய பயம் அதில் தெரிகிறது. விருந்தாளிக்கு ஸ்க்ரீன் கிடையாது, எழுத்து மட்டும் வருகிற ஒரு கன்சோல்தான். வசதி குறைவு. ஒளிந்துகொள்ள இடமும் குறைவு. நம்பிக்கைக்குரியவர் என்றால் ரொம்ப நல்லவர் என்று நினைக்கிறோம். பல நேரங்களில், தவறு செய்ய அதிகம் வாய்ப்பு வைத்துக்கொள்ளாதவர் என்பதுதான் அர்த்தம்.

இனி, வாசல் கதவு. 1998-ல் தொடங்கிய விஎம்வேர்தான் சாதாரண சர்வர்களுக்கு இந்த வித்தையைப் பிரபலமாக்கியது. தரமான சரக்கு. உலகமே குடிபோனது. 2023 நவம்பரில் பிராட்காம் அதை வாங்கியது. அடுத்த மாதமே, ஒருமுறை பணம் கட்டி என்றென்றைக்கும் வைத்துக்கொள்ளும் லைசென்ஸ் விற்பனை நிறுத்தப்பட்டது. இனி சந்தாதான். 2024 தொடக்கத்தில் இலவசப் பதிப்பும் போனது. பிறகு 2025-ல் திரும்பி வந்தது. அமெரிக்காவின் ஏடி அண்ட் டி நிறுவனம், தங்களுக்கு ஒப்பந்தப்படி தர வேண்டிய சப்போர்ட்டைத் தர மறுக்கிறார்கள் என்று 2024-ல் கோர்ட்டுக்குப் போனது. அதே ஆண்டில் சமரசம் ஆனது.

பிராட்காமைத் திட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. வாங்கியவர் தன் சரக்குக்குத் தன் விலையை வைக்கிறார். ஆனால் குடியிருந்தவர் என்ன தவறு செய்தார்? வீட்டுக்காரர் நல்லவரா என்று பார்த்தார். வீட்டுக்காரர் மாறலாம் என்று பார்க்கவில்லை.

'அப்படியென்றால் இலவச, திறந்த மென்பொருளுக்கே போய்விட்டால் கவலை தீர்ந்ததா?' என்று கேட்பீர்கள். அதுவும் இல்லை. ரெட்ஹாட் தன் லினக்ஸில் ஜென்னை வைத்து வீடு கட்டிக் கொடுத்தது. 2008-ல் கேவிஎம்-மைப் பெற்றெடுத்த க்யூம்ரானெட் கம்பெனியை வாங்கியது. 2010-ல் வந்த அடுத்த பெரிய பதிப்பில் ஜென் ஹோஸ்ட் இல்லை. அமேசான் 2006-ல் தன் கிளவுடை ஜென்னில் தொடங்கி, 2017-லிருந்து புது மெஷின்களைக் கேவிஎம்-மை அடிப்படையாகக் கொண்ட நைட்ரோவுக்கு மாற்றியது. திறந்த மென்பொருளிலும் காற்று திசை மாறும். வித்தியாசம் ஒன்றுதான். கோட் எல்லோர் கையிலும் இருப்பதால், ஒருவர் கைவிட்டாலும் இன்னொருவர் எடுத்து நடத்தலாம். ஜென் இன்றும் உயிரோடுதான் இருக்கிறது.

ஆகவே கதவு எங்கே என்று குடிபோகும் நாளிலேயே பாருங்கள். உங்கள் டிஸ்க் ஃபைலை வேறு ஹைப்பர்வைசர் படிக்கும் வடிவத்துக்கு மாற்ற முடியுமா? வருஷத்துக்கு ஒருமுறை நிஜமாகவே ஒரு மெஷினை வேறு இடத்தில் ஏற்றிப் பார்த்தீர்களா? பேக்கப் எங்கே இருக்கிறது? ஸ்னாப்ஷாட் எடுத்து வைத்திருக்கிறேன் என்று சொல்லாதீர்கள். பெரும்பாலும் அது அதே டிஸ்க்கில்தான் இருக்கும். பத்திரத்தை வீட்டுக்குள்ளேயே வைத்துவிட்டு, வீடு எரிந்தால் பத்திரம் இருக்கிறது என்கிற கதை.

இங்கே ஒரு நண்பர் குறுக்கே வருவார். "எப்போதும் கதவுப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தால் அது உறவா? நம்பிக்கை என்றால் முழுசாகச் சாய்வதில்லையா?"

நியாயமான கேள்வி. நான் மறுப்பது இப்படி. கதவு திறந்திருக்கும் வீட்டில் தங்குகிறவன்தான் விரும்பித் தங்குகிறான். பூட்டிய வீட்டில் இருப்பவனின் விசுவாசத்துக்கு என்ன மதிப்பு? வீட்டுக்காரருக்கும் இது நல்லது. விருந்தாளி போய்விட முடியும் என்று தெரிந்தால்தான் சாம்பாரில் பருப்பு குறையாது.

இன்னொரு கட்சி, 'தொழில்நுட்பமே தீர்த்துவிடும்' என்கிறது. ஏஎம்டி 2017-லிருந்து சர்வர் சிப்புகளில் ஒரு வசதி வைத்தது. விருந்தாளியின் மெமரி சங்கேத மொழியில் பூட்டப்படும். ஹோஸ்ட் எட்டிப் பார்த்தாலும் குப்பைதான் தெரியும். இன்டெல்லிடமும் இதற்கு ஜோடி உண்டு. நல்ல விஷயம்தான். ஆனால் ஹோஸ்ட்டை நம்ப வேண்டாம் என்றால் சிப் செய்தவரை நம்ப வேண்டும். ஹோஸ்ட்டால் படிக்க முடியாவிட்டாலும், உங்களை ஓடவிடாமல் நிறுத்தி வைக்க முடியும். நம்பிக்கை என்கிற மூட்டை மறைவதில்லை. ஒரு தோளிலிருந்து இன்னொரு தோளுக்கு மாறுகிறது. எந்தத் தோள் என்று தெரிந்து வைத்துக்கொள்வதுதான் நம் வேலை.

நமக்கு அடியில் பல ஹோஸ்ட்டுகள் இருக்கிறார்கள், சரி. நாமும் யாருக்கோ ஹோஸ்ட்தான். வயதான பெற்றோரின் பென்ஷன் கணக்கு உங்கள் போனில் இருக்கிறது. கடைப்பையனின் ஓவர்டைம் உங்கள் நோட்டில் இருக்கிறது. அவர்களால் எட்டிப் பார்க்க முடியாது. அல்லது கேட்கக் கூச்சப்படுவார்கள். அவசரத்துக்கு அதிலிருந்து கொஞ்சம் எடுக்கத்தான் செய்வோம். பணமோ, நேரமோ.

எடுத்தால் ஒரு வரி எழுதி, அவர்கள் கண்ணில் படும் இடத்தில் வைத்துவிடுங்கள்.